ஐசொலேஷனிசம்: ஒதுங்குவதா, ஒதுக்குவதா?

உக்ரைனுக்கு ஆயுதம் தரலாமா, நேட்டோவுக்கு ஏன் செலவு செய்ய வேண்டும், ஈரான்மீது குண்டு போட்டது சரியா என்று அமெரிக்காவில் வாக்குவாதம் கிளம்பும்போதெல்லாம் ஒரு சொல் பறக்கும்: ‘ஐசொலேஷனிஸ்ட்’, அதாவது வெளிநாட்டுச் சண்டைகளில் அமெரிக்கா இறங்கக் கூடாது என்பவர். யாரைப் பார்த்துச் சொல்கிறார்களோ அவர் உடனே ‘நான் அப்படிப்பட்டவன் இல்லை’ என்பார். 2016 மார்ச்சில் ஒரு பத்திரிகைப் பேட்டியில் டிரம்பிடம் இதைக் கேட்டபோது அவரும் அதையே சொன்னார்: நான் ஐசொலேஷனிஸ்ட் இல்லை, ஆனால் எனக்கு அமெரிக்காதான் முதலில்.

தமிழ்ச் செய்திகளில் ‘ஐசொலேஷனிசம்’ என்ற இந்தக் கொள்கை ‘தனிமைவாதம்’, ‘தனிமைப்படுத்தல் கொள்கை’, ‘தனித்திருத்தல் கொள்கை’ என்று ஆளுக்கொரு விதமாக வருகிறது. இவற்றில் நடுவில் உள்ளது தவறு என்றே சொல்வேன். முதலில் சொல்லின் கதையைப் பார்த்துவிடலாம். கதை தெரிந்தால் தவறு தானாகவே புலப்படும்.

சுருக்கமான பொருள் இதுதான்: வெளிநாடுகளோடு நிலையான இராணுவக் கூட்டணி வைக்காமல், குறிப்பாக ஐரோப்பாவின் சண்டைகளில் இறங்காமல், அமெரிக்கா தன் பாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிலைப்பாடு. வாணிபத்தை நிறுத்துவது இதில் சேராது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார வேண்டும் என்று இவர்களில் பெரும்பாலோர் எந்தக் காலத்திலும் கேட்டதில்லை.

வேர்ச்சொல் இலத்தீனின் ‘இன்சுலா’, அதாவது தீவு. அது இத்தாலியத்தில் ‘ஈசொலா’ ஆனது. அதிலிருந்து தீவுபோல் ஆக்கப்பட்டது என்ற பொருளில் ‘ஈசொலாத்தோ’ பிறந்து, பிரெஞ்சு வழியாக 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. அரசியலுக்குள் நுழைந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். 1896 ஜனவரியில் கனடா நாடாளுமன்றத்தில் ஜார்ஜ் ஃபாஸ்டர், ஐரோப்பாவில் பிரிட்டன் எவரோடும் சேராமல் கம்பீரமாகத் தனித்து (‘ஐசொலேட்டட்’) நிற்கிறது என்று பேசினார். அங்கே அது புகழ்ச்சி. அமெரிக்காவுக்கு வந்ததும் வசையாகிவிட்டது. 1898இல் ஸ்பெயினோடு நடந்த போருக்குப் பிறகு, பிலிப்பைன்ஸைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமா என்ற சண்டை எழுந்த காலத்தில், வேண்டாம் என்றவர்கள்மீது இந்தச் சொல் எறியப்பட்டது. ‘இசம்’ ஒட்டிய வடிவம் முதல் உலகப் போருக்குப் பின்னர்தான் பரவலாயிற்று.

ஆகவே அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் இந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை. ஆனாலும் ‘சிக்கவைக்கும் கூட்டணிகள் வேண்டாம்’ என்று அவர் தன் பிரிவுரையில் சொன்னதாக ஆளாளுக்கு எழுதுகிறார்கள். 1796 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியா நாளிதழ் ஒன்றில் அச்சான அந்த உரையில் (மேடையில் அவர் அதைப் பேசவில்லை) அப்படி ஒரு தொடர் கிடையாது. நிலையான கூட்டணிகளைத் தவிருங்கள் என்றுதான் சொன்னார்; அசாதாரணமான நெருக்கடிகளில் தற்காலிகக் கூட்டணியை நம்பிக்கொள்ளலாம் என்றும் சேர்த்தார். ‘சிக்கவைக்கும் கூட்டணி’ என்றவர் தாமஸ் ஜெஃபர்சன், 1801இல் அதிபராகப் பதவியேற்றபோது: எல்லா நாடுகளோடும் அமைதி, வாணிபம், நேர்மையான நட்பு, எவரோடும் சிக்கவைக்கும் கூட்டணி இல்லை. பேசிய இருவருக்கும் பின்னால் ஒரு பட்டறிவு இருந்தது. விடுதலைப் போரில் உதவிய பிரான்ஸோடு 1778இல் செய்த ஒப்பந்தம், பிரான்ஸ் புரட்சியிலும் போரிலும் இறங்கியபோது அமெரிக்காவின் கழுத்தைப் பிடித்தது. 1800இல் அதிலிருந்து ஒருவழியாக விடுபட்டார்கள். அதன் பிறகு 1940களின் கடைசிவரை அமெரிக்கா நிலையான இராணுவக் கூட்டணி எதிலும் சேரவில்லை.

அதே நாடுதான் 1846இல் மெக்ஸிகோவோடு போருக்குப் போனது. 1853இல் ஜப்பானின் வாசலில் போர்க்கப்பல்களை நிறுத்தியது. 1898இல் ஹவாயைச் சேர்த்துக்கொண்டது. 1823இல் அதிபர் மன்ரோ வகுத்த கோட்பாடு, அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பியர் இனிப் புதிதாகக் கை வைக்கக் கூடாது என்றது. இது ஒதுங்கியிருக்கும் நாட்டின் பேச்சா? ஐரோப்பாவிடமிருந்து மட்டும் விலகியிருந்த நாடு என்பதே சரியான வர்ணனை என்பது என் கருத்து.

இனி கட்சிகளின் கதை. ‘குடியரசுக் கட்சி என்றால் போர், ஜனநாயகக் கட்சி என்றால் அமைதி’ என்று நம்மில் பலர் மனத்தில் ஒரு படம் இருக்கிறது. ஜார்ஜ் புஷ் காலத்தில் பதிந்த படம் அது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அது நிற்காது.

1900 அதிபர் தேர்தலில் பிலிப்பைன்ஸைப் பிடித்ததை எதிர்த்து நின்றவர் ஜனநாயகக் கட்சியின் பிரையன். வென்றது குடியரசுக் கட்சியின் மெக்கின்லி. 1916இல் ‘நம்மைப் போரிலிருந்து காத்தவர்’ என்ற முழக்கத்தோடு மறுபடி வென்ற ஜனநாயகக் கட்சியின் வில்சன், 1917 ஏப்ரலில் போருக்குள் போனார். போர் முடிந்து அவர் கொண்டுவந்த வெர்சாய் ஒப்பந்தத்தையும் அதோடு வந்த சர்வதேச சங்கத்தையும் (ஐ.நா.வுக்கு முன்னோடி) நாடாளுமன்ற மேலவையான செனட் ஏற்கவில்லை. 1920 மார்ச்சில் 49 பேர் ஆதரித்தும் 35 பேர் எதிர்த்ததால் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் போயிற்று. எந்த வடிவத்திலும் வேண்டாம் என்று நின்றவர்களில் முக்கியமானவர்கள் குடியரசுக் கட்சியின் வில்லியம் போராவும் ஹைரம் ஜான்சனும். இதே போரா, கடற்படைகளைக் குறைக்க வல்லரசுகள் மாநாடு கூட்ட வேண்டும் என்று அடுத்த ஆண்டே முன்னின்று வற்புறுத்தியவர். உலகமே வேண்டாம் என்பவர் செய்கிற வேலை இல்லை அது.

1930களில் செனட்டர் ஜெரால்ட் நை தலைமையிலான குழு, முதல் உலகப் போரில் ஆயுத வியாபாரிகள் அடித்த லாபத்தைத் தோண்டி எடுத்தது. 1935 தொடங்கி, போரிடும் நாடுகளுக்கு ஆயுதம் விற்பதைத் தடுக்கும் நடுநிலைச் சட்டங்கள் அடுத்தடுத்து நிறைவேறின. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கக் கூடாது என்று 1940இல் ‘அமெரிக்கா முதலில்’ குழு உருவானது. பின்னாளில் அதிபரான குடியரசுக் கட்சியின் ஜெரால்ட் ஃபோர்டு மாணவராக இருந்தபோது அதில் சேர்ந்தார். ஜனநாயகக் கட்சியின் ஜான் கென்னடி நன்கொடை அனுப்பினார். சோஷலிஸ்ட் தலைவர் நார்மன் தாமஸ் மேடையேறினார். ஆனால் குழுவின் நட்சத்திரப் பேச்சாளர் விமானி சார்ல்ஸ் லிண்ட்பெர்க், 1941 செப்டம்பர் 11 அன்று டி மாய்ன் நகரில், பிரிட்டிஷாரும் யூதர்களும் ரூஸ்வெல்ட் அரசும் நாட்டைப் போருக்குள் தள்ளுகிறார்கள் என்றார். அந்த யூத வெறுப்பின் கறை இன்றுவரை இந்தச் சொல்மீது படிந்திருக்கிறது. மூன்று மாதத்தில், ஹவாயில் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியது. குழு கலைந்தது.

தாக்குதலுக்கு மறுநாள், 1941 டிசம்பர் 8. ஜப்பான்மீது போர் அறிவிக்கும் தீர்மானம் கீழவையான பிரதிநிதிகள் சபையில் 388க்கு 1 என்று நிறைவேறியது. அந்த ஒரு வாக்கு மொன்டானாவின் ஜெனட் ராங்கினுடையது. குடியரசுக் கட்சிக்காரர், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குத் தேர்வான முதல் பெண், 1917இலும் போருக்கு எதிராக வாக்களித்த ஐம்பது பேரில் ஒருவர். வாக்களித்துவிட்டு வெளியே வந்தவரைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்து, காவலர்கள் வந்து அழைத்துப் போகும்வரை அங்கேயே இருந்தார். இவரையும் ஐசொலேஷனிஸ்ட் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அது பெரிய அநியாயம். எந்தப் போரும் கூடாது என்ற அமைதிவாதி அவர்; காந்தியின் வழியில் ஈடுபாடு கொண்டு பிற்காலத்தில் பலமுறை இந்தியாவுக்கு வந்து போனவர். ஒதுங்கலும் அகிம்சையும் ஒரே வரிசையில் வாக்களிக்கலாம். அதனால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

கட்சி மாற்றத்தை ஒரே ஆளிடம் பார்க்க வேண்டுமானால் குடியரசுக் கட்சியின் மிச்சிகன் செனட்டர் ஆர்தர் வாண்டன்பர்கைப் பார்க்கலாம். 1930களில் நடுநிலைச் சட்டங்களின் தூண்களில் ஒருவர். அப்போது தன்னை ஐசொலேஷனிஸ்ட் என்று சொல்லாமல் ‘இன்சுலேஷனிஸ்ட்’ என்று சொல்லிக்கொண்டார். மின்கம்பிக்கு உறை போடுகிற அந்த ‘இன்சுலேஷன்’தான். அதற்கும் வேர் அதே இன்சுலா. நாட்டைத் துண்டிக்கச் சொல்லவில்லை, போர் தாக்காதபடி உறை போடச் சொல்கிறேன் என்பது அவர் வாதம். பேர்ல் துறைமுகம் அவரை அசைத்தது. 1945 ஜனவரி 10 அன்று செனட்டில் எழுந்து, எந்த நாடும் இனித் தன் முயற்சியால் மட்டும் பாதுகாப்பாக இருக்க முடியாது என்று பேசினார். எதிர்க்கட்சி அதிபர் ட்ரூமனோடு கைகோத்தார். 1949 ஜூலையில் நேட்டோ ஒப்பந்தம் செனட்டில் 82க்கு 13 என்று நிறைவேறியது. எதிர்த்தவர்களில் அவருடைய கட்சியின் பெரும்புள்ளி ராபர்ட் டாஃப்டும் ஒருவர். 1952இல் டாஃப்டைத் தோற்கடித்து ஐசன்ஹோவர் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆனபோது அக்கட்சிக்குள் ஐசொலேஷனிசத்தின் கதை ஏறத்தாழ முடிந்தது.

அப்புறம் வியட்நாம். ஜனநாயகக் கட்சி அதிபர்கள் இறங்கிய போர் அது. ஆனால் 1972இல் ‘வீடு திரும்பு, அமெரிக்கா’ என்று அழைத்தவரும் அதே கட்சியின் அதிபர் வேட்பாளர் மெக்கவர்ன்தான்; புதிய ஐசொலேஷனிஸ்ட் என்ற பட்டம் இப்போது இடப்பக்கம் போனது. 1976இல்கூட குடியரசுக் கட்சியின் பாப் டோல், துணை அதிபர் வேட்பாளர் விவாதத்தில், ‘ஜனநாயகக் கட்சிப் போர்களில்’ மாண்டவர்களும் காயமுற்றவர்களும் 16 இலட்சம் பேர், டெட்ராய்ட் நகரையே நிரப்பலாம் என்றார். இன்றைய இளைஞர்கள் இதைக் கேட்டால் எந்தக் கட்சிக்காரர் பேசுகிறார் என்று குழம்பிப்போவார்கள்.

1999இல் கொசோவோவில் குண்டு வீச ஆதரவு கேட்ட தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 213–213 என்று சமனாகித் தோற்றது. எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் குடியரசுக் கட்சியினர், காரணம், அப்போதைய அதிபர் ஜனநாயகக் கட்சியின் கிளின்டன். மூன்றே ஆண்டில், 2002இல், ஈராக் போர்த் தீர்மானத்தை அந்தச் சபையின் குடியரசுக் கட்சியினரில் ஆறு பேர் மட்டுமே எதிர்த்தார்கள். வெள்ளை மாளிகையில் யார் இருக்கிறார் என்பது பாதி விளக்கம். மீதிப் பாதி நிலத்தில் இருக்கிறது. 1940-41இல் பிரிட்டனுக்கு உதவ முன்னின்றது தென்மாநிலங்கள். அன்று அவை ஜனநாயகக் கட்சியின் கோட்டை. 1960களுக்குப் பிறகு அந்தத் தென்மாநிலங்கள் கட்சி மாறியபோது, படைபலத்தில் உள்ள நம்பிக்கையையும் கூடவே எடுத்துப்போயின.

2024 ஏப்ரலில் உக்ரைன் உதவி மசோதா 311க்கு 112 என்று நிறைவேறியது. அந்த 112 பேரும் குடியரசுக் கட்சியினர். அக்கட்சியில் ஆதரித்தவர்கள் 101 பேர்தான். டாஃப்டின் குரல் எழுபதாண்டு கழித்து மறுபடி கட்சிக்குள் பெரும்பான்மையானதுபோல் தோன்றியது. ஆனால் 2025இல் பதவியேற்ற அன்றே டிரம்ப் பனாமா கால்வாயைத் திரும்ப எடுப்போம் என்றார். ஜூன் மாதம் ஈரானின் அணு நிலையங்கள்மீது குண்டு போட்டார். காங்கிரசின் அனுமதி எங்கே என்று சொந்தக் கட்சியின் தாமஸ் மாஸியே எதிர்த்தார். டிரம்ப் செய்வதற்குச் சரியான பெயர் தன்னிச்சைப் போக்கு. கூட்டாளிகளைக் கேட்காமல் இறங்குவதும் கூட்டாளிகளைக் கேட்காமல் விலகுவதும் அதில் அடக்கம்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

ஒதுங்கு என்பது தன்வினை. ஒதுக்கு என்பது பிறவினை. நான் ஒதுங்கினேன் என்றால் நானே விலகினேன். என்னை ஒதுக்கினார்கள் என்றால் வேறு கதை. ‘தனிமைப்படுத்தல்’ இந்த இரண்டாவது வகை. கொரோனா காலத்தில் நோயாளியைத் தனிமைப்படுத்தினோம். 1962 முதல் வணிகத் தடை போட்டு அமெரிக்கா கியூபாவைத் தனிமைப்படுத்துகிறது. ‘அமெரிக்காவின் தனிமைப்படுத்தல் கொள்கை’ என்று தலைப்பிட்டால், கியூபாவுக்கு அது செய்ததைத்தான் தமிழ் வாசகர் நினைப்பார். டாஃப்டும் போராவும் கேட்டதோ அதற்கு நேர்மாறு. ‘தனிமைவாதம்’ பிழையில்லை, ஆனால் தனிமை என்றதும் துணையற்ற ஏக்கம் வந்துவிடுகிறது. ‘தனித்திருத்தல்’ பொருந்தும், எனினும் அது ஒரு நிலையைச் சொல்கிறதே தவிர, வம்பு வேண்டாம் என்று விலகும் செயலைச் சொல்லவில்லை.

‘ஒதுங்கல் கொள்கை’ என்பதே என் பரிந்துரை. வம்பிலிருந்து ஒதுங்குவதை நாம் விவேகம் என்றும் சொல்வோம், கோழைத்தனம் என்றும் சொல்வோம். ஐசொலேஷனிசத்தைச் சுற்றி நடக்கும் சண்டையே அதுதான். கிராமத்துப் பேச்சில் ஒதுங்குவதற்கு வேறு பொருள் உண்டே என்று சிலர் தயங்கலாம். ‘கொள்கை’ சேரும்போது அந்தக் குழப்பம் வராது.

பக்கத்துச் சொற்களோடு கலக்காமல் இருப்பதும் முக்கியம். போரில் எந்தப் பக்கமும் சேராத சட்ட நிலை நடுநிலை. பிற நாட்டு விவகாரத்தில் படையோடு நுழையாதிருப்பது தலையிடாமை. குடியரசுக் கட்சியின் முன்னாள் காங்கிரஸ் உறுப்பினர் ரான் பால் தன்னைத் தலையிடாமைக்காரர் என்றே அழைத்துக்கொண்டார், வாணிபமும் பேச்சும் வேண்டும் என்பதால் ஐசொலேஷனிஸ்ட் பட்டத்தை மறுத்தார். பனிப்போரில் அமெரிக்க அணியிலும் சோவியத் அணியிலும் சேராதிருந்த அணிசேராமை முற்றிலும் வேறு. 1976இல் கொழும்பில் மாநாடு கூட்டிய அந்த நாடுகள் உலக விவகாரங்களில் தங்கள் குரலும் கேட்க வேண்டும் என்றே கூடின.

ஆளைக் குறிக்க ‘ஒதுங்கல்வாதி’ எனலாம். செய்தி எழுதுகிறவர்கள் அதைத் தங்கள் சொல்லாக எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘உக்ரைன் உதவியை எதிர்த்தவர்களை ஒதுங்கல்வாதிகள் என்று செனட்டர் சாடினார்’ என்று எழுதினால் பட்டம் சூட்டியவர் யார் என்பது தெரியும். அவர் பெயர் இல்லாத இடத்தில், ‘உக்ரைன் உதவியை எதிர்த்த உறுப்பினர்கள்’ என்பதே போதும்.