இரவு பதினொன்றரைக்கு ஒரு வெளிச்சம்

என் அக்கா மகன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். போன மாதம் அக்கா வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். இரவு பதினொன்றரைக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது அவன் போர்வைக்குள்ளிருந்து வெளிச்சம் தெரிந்தது. காலை ஐந்தரைக்கு அவனுக்கு வேதியியல் டியூஷன். அக்காவும் எழுந்து வந்துவிட்டாள். "தூக்கம் வரலம்மா, அதான் போன் பாக்குறேன்" என்றான் அவன். "போன் பாக்குறதாலதான்டா தூக்கம் வரல" என்றாள் அக்கா.

இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான்.

போன் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கிறதா என்று பொதுவாகக் கேட்டால் தெளிவான பதில் கிடைப்பதில்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ பிரிஸிபில்ஸ்கி இருவரும் அமெரிக்கா, பிரிட்டன் நாடுகளின் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரின் தகவல்களை அலசி 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிள்ளைகளின் மனநலத்தில் ஒருவருக்கொருவர் இருக்கும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் டிஜிட்டல் பயன்பாட்டோடு தொடர்புபடுத்த முடிந்தது. அதே தரவில், போதுமான தூக்கத்துக்கும் மனநலத்துக்கும் இருந்த நல்ல தொடர்பு இதைவிடப் பல மடங்கு வலுவாக இருந்தது. 0.4 என்பது சராசரி. நண்பர்களோடு சேர்ந்து பாட்டுப் பழகும் பிள்ளையும், நள்ளிரவில் தனியாகத் திரையை உருட்டும் பிள்ளையும் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகிறார்கள். அதனால் போன் என்று மொத்தமாகப் பேசுவதை விட்டுவிட்டு, இரவின் அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு நேரும் நிஜமான இழப்பு அங்கேதான் நடக்கிறது என்பது என் எண்ணம்.

இரண்டு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் மூளையின் அடிப்பகுதியில் ஓரிடத்தில் குறுக்காகச் சந்திக்கின்றன. அதற்குச் சற்று மேலே சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கொத்து இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். எப்போது பசிக்க வேண்டும், எப்போது உடல் சூடு குறைய வேண்டும், எப்போது தூக்கம் வர வேண்டும் என்பதையெல்லாம் அது ஒழுங்குபடுத்துகிறது. இருட்டியதும் அது கொடுக்கும் குறிப்பில் மூளையிலுள்ள பீனியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கும். மெலடோனின் தூக்க மருந்தைப்போல ஆளைச் சாய்ப்பதில்லை. 'இரவு வந்துவிட்டது' என்று உடம்பு முழுக்கச் சொல்லும் தகவல் அது.

பருவமடையும் வயதில் இந்தக் கடிகாரமே பின்தள்ளிப் போகிறது. சிறு வயதில் எட்டரைக்கெல்லாம் மடியில் சாய்ந்த பிள்ளைக்கு, பதினாறு வயதில் மெலடோனின் சுரக்கத் தொடங்குவதே ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் தாமதமாகிறது. விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேரச் சேரத் தூக்கம் கண்ணை அழுத்தும். அந்த அழுத்தமும் இந்த வயதில் மெதுவாகத்தான் ஏறுகிறது. அதனால் "தூக்கம் வரல" என்று அவன் சொன்னது சாக்கு இல்லை. இதைப் பல வருடங்களாக ஆராய்ந்தவர் மேரி கார்ஸ்கடான். 1970களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கோடை முகாம் நடத்தி, அதே பிள்ளைகளை ஆண்டுதோறும் வரவழைத்து அவர்களின் தூக்கத்தை அளந்தார். வயது ஏற ஏறத் தூக்கம் குறைந்தால் போதும் என்று அப்போது எல்லோரும் நம்பினார்கள். ஆனால் தடையில்லாமல் தூங்க விட்டபோது, பெரிய பிள்ளைகளும் ஒன்பது மணி நேரத்துக்கு அருகில் தூங்கினார்கள். தேவை குறையவில்லை, நேரம்தான் தள்ளிப்போகிறது.

ஏற்கெனவே தாமதமாக ஓடும் இந்தக் கடிகாரத்துக்கு முன்னால்தான் நாம் ஒரு விளக்கைப் பிடிக்கிறோம்.

கண் பார்ப்பதற்கு மட்டும்தான் என்று நீண்ட காலம் நினைத்துக்கொண்டிருந்தோம். 1998இல் இக்னேசியோ புரொவென்சியோ குழுவினர் ஒரு தவளையின் தோலில் மெலனாப்சின் என்ற ஒளி உணரும் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். பிறகு அது விழித்திரையிலும் இருப்பது தெரிந்தது. 2002இல் பிரவுன் பல்கலைக்கழகத்தின் டேவிட் பெர்சன் குழுவினர், மெலனாப்சின் உள்ள நரம்பணுக்கள் தாங்களாகவே வெளிச்சத்தை உணர்ந்து நேரே அந்தக் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புவதைக் காட்டினார்கள். உருவங்களை அடையாளம் காட்டுவது இந்த அணுக்களின் முக்கிய வேலை இல்லை. வெளியே பகலா இரவா என்பதைத்தான் அவை கணிக்கின்றன. 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளிக்கு அவை மிகவும் கூர்மையாக இருக்கின்றன. பகல் வானத்தின் வெளிச்சத்தில் நிறைய இருப்பது அந்த நீலம். எல்இடி திரையிலும் அது உண்டு.

இங்கே நம்மில் பலர், நீல ஒளி மட்டும்தான் பிரச்சினை என்ற தவறான முடிவுக்குத் தாவிவிடுகிறோம். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியோடு இணைந்த ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் 12 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2014 டிசம்பரில் வெளிவந்தது. ஐந்து இரவுகள், படுப்பதற்கு முன் நான்கு மணி நேரம், மங்கலான அறையில், முழு வெளிச்சத்தில் ஐபேடில் படித்தார்கள். வேறு ஐந்து இரவுகள் அச்சுப் புத்தகம். ஐபேடில் படித்தபோது மெலடோனின் சுரப்பு ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. இந்த எண் உலகமெங்கும் பரவியது. தூங்குவதற்கு ஆன கூடுதல் நேரம் சராசரியாகப் பத்து நிமிடம்தான் என்பது அவ்வளவாகப் பரவவில்லை. ஆக, திரையை மஞ்சளாக்கிவிட்டாலோ, நீல ஒளி தடுக்கும் கண்ணாடி வாங்கிக் கொடுத்தாலோ பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதி அடைய முடியாது. பதினொன்றரைக்கு விழித்திருப்பவனுடைய இரவில் அந்தப் பத்து நிமிடம் சின்னப் பங்குதான். மீதியைத் தின்பது திரைக்குள் ஓடும் பொருள்.

அதற்கு டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைப் புரிந்துகொள்ள வேண்டும். அதை 'இன்பச் சுரப்பு' என்கிறார்கள். அந்தப் பெயர் சரியில்லை. சுவிட்சர்லாந்தில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, டோபமைனைச் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தால் அவை துடித்தன. ஒரு குறிப்புக்குப் பிறகு சாறு வரும் என்று பழகியதும், சாறு வரும்போது துடிக்காமல் குறிப்பைக் கண்டதுமே துடித்தன. வரவேண்டிய சாறு வராவிட்டால் அடங்கிப்போயின. 2003இல் வந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. சாறு வருமா வராதா என்பது பாதிக்குப் பாதியாக இருக்கும்போதுதான், காத்திருக்கும் அந்த நேரம் முழுவதும் அவை மிக அதிகமாக இயங்கின.

விரலால் தள்ளும் ஒவ்வொரு ரீலும் இப்படி ஒரு பாதிக்குப் பாதி. அடுத்தது சலிப்பாக இருக்கலாம், விழுந்து விழுந்து சிரிக்க வைக்கலாம். எது என்று தெரியாததால்தான் விரல் நகர்கிறது. புத்தகத்தில் அத்தியாயம் முடியும், டிவியில் நாடகம் முடிந்து விளம்பரம் வரும், 'சரி, போதும்' என்று எழ ஓர் இடம் கிடைக்கும். இங்கே அந்த இடத்தையே எடுத்துவிட்டார்கள். முடிவில்லாமல் உருளும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஆசா ராஸ்கினே பிற்பாடு அதற்காக வருத்தம் தெரிவித்திருக்கிறார். பதினேழு வயதில் பரிசை நாடும் மூளைப் பகுதிகள் முழு வேகத்தில் இருக்கின்றன. நிறுத்து என்று சொல்ல வேண்டிய நெற்றிப்பகுதி இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் முதிர்கிறது. 'உனக்குக் கட்டுப்பாடே இல்லை' என்று அந்த வயதுப் பிள்ளையைப் பார்த்துச் சொல்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது. பெரியவர்களாகிய நாமே அதில் தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

சரி, தூக்கம் குறைந்தால் என்ன போகிறது? ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முன்பகுதியில் வருகிறது. கனவுத் தூக்கத்தின் பெரும்பங்கு விடியலை ஒட்டி வருகிறது. பன்னிரண்டுக்குத் தூங்கி ஐந்துக்கு எழுந்தால் அறுபடுவது அந்தக் கடைசிப் பங்கு. பகலில் படித்ததை மூளை மறுபடி ஓட்டிப் பதிய வைப்பதும் தூக்கத்தில்தான். 2007இல் மேத்யூ வாக்கர் குழுவினர், ஏறத்தாழ 35 மணி நேரம் தூங்காதவர்களுக்கு மனதை உறுத்தும் படங்களைக் காட்டினார்கள். அச்சத்தையும் பதற்றத்தையும் கையாளும் அமிக்டலா, தூங்கியவர்களைவிட 60 சதவீதம் அதிகமாகக் கிளர்ந்தது. அதைத் தணிக்கும் நெற்றிப்பகுதியோடு இருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. அக்கா மகனுடையது அவ்வளவு கடுமையான தூக்கமின்மை இல்லை. ஆனாலும் காலையில் ஒரு சொல்லுக்கு அவன் ஏன் சீறுகிறான் என்பதை யோசிக்கும்போது இந்தச் சோதனைதான் நினைவுக்கு வருகிறது.

தூக்கத்தை இரவுப் பக்கம் போன் தின்கிறது என்றால், காலைப் பக்கம் நாம் தின்கிறோம். இதைச் சொல்லாமல் போனை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள் அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள். நம் ஊரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விடியற்காலை டியூஷன், அப்புறம் பள்ளி, அப்புறம் ஸ்பெஷல் கிளாஸ். நாளில் அவர்களுக்கென்று மிஞ்சுவது அந்த இரவு ஒரு மணி நேரம்தான். அதைப் போனுக்குக் கொடுக்கிறார்கள்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016இல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரத்தை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றினார்கள். அப்படியானால் பிள்ளைகள் இன்னும் தாமதமாகத்தான் படுப்பார்கள் என்று எவருக்கும் தோன்றும். மணிக்கட்டில் கருவி கட்டி அளந்து பார்த்தபோது, அவர்களின் தூக்கம் 34 நிமிடம் கூடியிருந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகள் கையிலும் போன் இருந்தது.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். இரவில் போன் இப்போது ஹாலில் சார்ஜில் கிடக்கிறது, அக்காவுடையதும் சேர்த்து. அலாரத்துக்குப் போன் வேண்டும் என்று அவன் சொன்னதால் ஒரு சின்ன டைம்பீஸ் வாங்கியாயிற்று. முதல் வாரம் படுக்கையில் புரண்டானாம், இப்போது பதினொன்றுக்குள் தூங்கிவிடுகிறான். டியூஷன் சாரிடம் மாலை பேட்ச் கேட்டதற்கு, இடம் இல்லை என்று சொல்லிவிட்டார். அதே பேட்சில் படிக்கும் இன்னும் இரண்டு பிள்ளைகளின் அம்மாக்களையும் அழைத்துக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கேட்கப் போகிறாள்.