படியில பின்பக்கமா இறங்குறவங்களுக்கு

தென்னாப்பிரிக்காவுல காம்ரேட்ஸ்னு நெடுந்தூர ஓட்டப்பந்தயம் முடிஞ்ச வாரம் டர்பன்ல எங்க சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு வேடிக்கை பாக்கலாம், ஓடிட்டு வந்தவங்க படிக்கட்டு கைப்பிடிய கெட்டியா பிடிச்சுக்கிட்டு பின்பக்கமா இறங்குவாங்க. என் தங்கச்சி மகனும் அப்படித்தான் இறங்கிட்டு இருந்தான், நடுப்படியில நின்னு கேக்குறான், "மாமா, ஓடுனது ஞாயித்துக்கிழமை, அன்னிக்கு சமாளிச்சுட்டேன், செவ்வாக்கிழமை ஏன் உயிர் போகுது? லாக்டிக் ஆசிட்தானே?"

இல்லடா. ஓடுறப்ப தசையில சேர்ற அந்த ஆசிட் ஓடி முடிச்சு ஒண்ணு ரெண்டு மணி நேரத்துலயே காலியாயிடும். டவுன் ரன்னுன்னா பீட்டர்மாரிட்ஸ்பர்க்லருந்து டர்பனுக்கு கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், ஃபீல்ட்ஸ் ஹில்லுல இறங்குறப்ப ஒவ்வொரு அடிக்கும் தொடைத்தசை நீண்டுகிட்டே பிரேக் போடுது, அந்த இழுப்புலதான் நாருங்க நுணுக்கமா கிழியுது. ஏத்தம் மூச்ச வாங்கும், இறக்கம்தான் தசைய வாங்கும்.

கிழிஞ்ச சில மணி நேரத்துல நியூட்ரோஃபில்னு வெள்ளணு ஓடி வரும், அத விடுங்க. பின்னாடி வர்ற இன்னொரு வெள்ளணு மேக்ரோஃபேஜ் இருக்கே, தமிழ்ல பெருவிழுங்கி, அதுதான் நம்ம ஆளு. 1882ல மெச்னிகாஃப்னு ஒரு விஞ்ஞானி இத்தாலியில நட்சத்திர மீன் குஞ்சு ஒடம்புல ரோஜா முள்ள குத்தி வச்சுட்டு காலையில பாத்தா முள்ளச் சுத்தி இந்த மாதிரி விழுங்குற செல்லுங்க மொய்ச்சுக் கெடக்கு, அந்த வேலைக்கு 1908ல நோபலும் வந்துச்சு.

இந்தப் பெருவிழுங்கி முதல்ல கோவக்காரன் மாதிரி வரும். செத்த நார் துணுக்கெல்லாம் விழுங்கும், கூடவே டிஎன்எஃப் மாதிரி ரசாயனத்த கக்கும், வீக்கம் வலி எல்லாத்துலயும் அதுக்குப் பங்கு உண்டு. ஆனா அதே சத்தத்துலதான் நார் ஓரமா தூங்கிட்டு இருக்குற சாட்டிலைட் செல்னு தசைய ரிப்பேர் பண்ற செல் முழிச்சு ரெண்டா நாலா பெருகுது (1961ல தவளைத் தசையில கண்டுபிடிச்சது இது). அப்புறம் நடக்குறதுதான் எனக்கு எத்தன தடவ படிச்சாலும் ஆச்சரியம். வேற ஆள் வர்றதில்ல, குப்பைய தின்னு முடிச்ச அதே செல்லே ஆளு மாறிடுது! தின்னதுதான் அத மாத்துதுன்னு 2007ல பிரெஞ்சுக்காரங்க எலியில காட்டுனாங்க. இடிக்க வந்தவன் மண்ண அள்ளிப் போட்டுட்டு அப்படியே கொத்தனார் கரண்டிய எடுத்துப் பூச ஆரம்பிச்சா எப்படி, அந்த மாதிரி. இப்ப ஐஜிஎஃப்-1 மாதிரி வளர்ச்சிப் பொருள சுரக்குது, சாட்டிலைட் செல் பெருகுறத நிறுத்திட்டு கிழிஞ்ச நாரோட போய் ஒட்டி ஒண்ணாயிடுது. பெருவிழுங்கிய எடுத்துட்டா எலியில தசை சரியா ஆறவே மாட்டேங்குது.

அதனாலதான் வீக்கத்த அடக்குற வலி மாத்திரைய தெனம் முழுங்குறவங்கள பாத்தா எனக்கு எரிச்சல். 2018ல ஸ்வீடன்ல 8 வாரம் வெயிட் தூக்க வச்சு சில பேருக்கு தெனம் 1200 மில்லிகிராம் ஐபுப்ரோஃபென் குடுத்தாங்க, கொஞ்சூண்டு ஆஸ்பிரின் எடுத்தவங்களுக்கு வளந்ததுல பாதிதான் இவங்களுக்கு தசை வளந்துச்சு. எப்பவாவது ஒண்ணு போட்டா ஒண்ணும் ஆகாது, அது வேற. புரோட்டீன் பவுடர் விளம்பரத்துல கொட்டுற காசுல கால்வாசிய இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு விட்டா தேவல.

தங்கச்சி செவ்வா சாயங்காலமே உப்பு மிளகா எடுத்து மகனுக்கு திருஷ்டி சுத்தி நெருப்புல போட்டா, "நெடியே வரல பாத்தியா, அவ்ளோ கண்ணு" அப்படின்னா. வியாழக்கிழமை பய நேரா இறங்கி வந்துட்டான். எல்லாப் பேரும் மிளகாய்க்குப் போச்சு, மூணு நாளா உள்ள மண்ணள்ளி பூசுன பெருவிழுங்கிக்கு ஒரு தேங்கா கூட ஒடைக்கல.