கியூபிசம்: பெயரில் மட்டும் இருக்கிற டப்பா

“இன்றைக்குக் கியூபிச பாணியில் உங்கள் முகத்தை வரையப் போகிறோம். கியூப் என்றால் கனசதுரம்” என்று இரண்டாம் வகுப்பில் ஒருமுறை சொல்லித் தொலைத்தேன். அரை மணி நேரத்தில் வகுப்பு முழுக்க ரோபோக்கள். தலை ஒரு டப்பா, கழுத்து ஒரு டப்பா, காதுகூட டப்பா. பிள்ளைகள் மேல் தப்பில்லை. அந்தச் சொல் அப்படி.

கியூப் என்பதன் மூலம் கிரேக்கச் சொல்லான ‘கூபோஸ்’. சூதாடும் பகடைக்காயை அப்படி அழைத்தார்கள். லத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்கு வந்தது. (நம் பித்தளைத் தாயக்கட்டை நீளவாக்கில் இருப்பதால் இந்த வம்சத்தில் சேராது.) 1908 நவம்பரில் பாரிசில் ஜார்ஜ் பிராக்கின் ஓவியக் கண்காட்சியைப் பார்த்த விமர்சகர் லூயி வோசெல், ஊர், ஆள், வீடு என்று எல்லாவற்றையும் இவர் கனசதுரங்களாக்கிவிடுகிறார் என்று எழுதினார். பாராட்டாக எழுதவில்லை. ஆனால் அந்தக் கிண்டல்தான் பெயராக ஒட்டிக்கொண்டது.

உண்மையில் இந்தப் பாணியைத் தொடங்கிய ஓவியர்கள் பிராக்கும் பிக்காசோவும் டப்பா வரையவில்லை. ஒரு பொருளைப் பல பக்கங்களிலிருந்து பார்த்தால் தெரிவதை ஒரே படத்துக்குள் கொண்டுவரப் பார்த்தார்கள். 1910, 1911 வாக்கில் அவர்கள் வரைந்தவை பழுப்பும் சாம்பலுமாகத்தான் இருக்கும். பள்ளிகளில் மாதிரியாகக் காட்டப்படும் வண்ண முகங்கள் பெரும்பாலும் பிக்காசோ பின்னாளில் வரைந்தவை. ‘அழும் பெண்’ 1937இல் வந்தது. சரி, ஏழு வயதுக்கு அந்த வண்ணம்தான் பிடிக்கிறது, இருக்கட்டும்.

இப்போதெல்லாம் சொல்லைக் கடைசியில்தான் சொல்கிறேன். முதலில் கண்ணாடியில் நேராகப் பார்க்கச் சொல்வேன். அப்புறம் பக்கத்தில் இருப்பவரைப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும்: நெற்றி, மூக்கு, உதடு, தாடை எப்படி வளைந்து இறங்குகின்றன என்று. தாளில் வட்டமாக ஒரு முகம். அதன் நடுவே அந்தப் பக்கவாட்டுக் கோடு. ஒரு பாதியில் நேராகப் பார்க்கும் கண், மறுபாதியில் பக்கவாட்டுக் கண். இரண்டு பாதிக்கும் வேறு வேறு நிறம். ஒரு சிறுமி தன் படத்தைத் தூக்கிக்காட்டி, “மிஸ், இந்தக் கண்ணு உங்களப் பாக்குது, இது ஜன்னலப் பாக்குது” என்றாள். கியூபிசத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

தமிழில் என்ன சொல்வது? தன் முகத்தைத் தானே வரைவதற்குத் ‘தன்னுருவப்படம்’ என்பது போதும். ‘தற்படம்’ என்றால் பிள்ளைகள் செல்ஃபி என்று நினைக்கிறார்கள். கியூபிசத்துக்குக் ‘கனசதுரவியம்’ என்றால் வோசெலின் கிண்டலை அப்படியே தமிழுக்குக் கூட்டிவந்து விடுகிறோம். எனக்குக் ‘கனவடிவியம்’ தேவலை: சதுரம் இல்லை, கனம் என்பது முப்பரிமாணத்தைச் சொல்கிறது, மார்க்சியம், பெண்ணியம் போல ‘இயம்’ என்றும் முடிகிறது. அதைப் பலகையில் எழுதினேன். முதல் பெஞ்சுப் பையன் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “கனவுல வர்றத வரையறதா மிஸ்?” என்றான். அது சர்ரியலிசம், வேறு கூட்டம். அன்றிலிருந்து நடுவில் இடம் விட்டு ‘கன வடிவியம்’ என்றே எழுதுகிறேன்.