நுரையீரல் கொடை: ஐஸ் பெட்டிக்கு முந்தைய மணி நேரங்கள்

மூளைச்சாவு அடைந்தவரின் படுக்கையருகே நிற்கும் உறவினர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "நெஞ்சு ஏறி இறங்குதே டாக்டர், அப்புறம் எப்படி உயிர் இல்லைன்னு சொல்றீங்க?" என்பதுதான். அந்த அசைவு வென்டிலேட்டர் தருவது. மூளைத்தண்டு செயலிழந்த பின் மூச்சு தானாக எழுவதில்லை. இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், அந்த நுரையீரல் இன்னொருவருக்கு உதவுமா என்பதும் பெருமளவு தீர்மானமாகிக்கொண்டிருக்கிறது. உறுப்பைப் பாதுகாத்தல் என்றதும் பலருக்கும் ஐஸ் பெட்டியும் ஆம்புலன்ஸும் நினைவுக்கு வருகின்றன. என் அனுபவத்தில், சிறுநீரகமும் கல்லீரலும் ஏற்கப்பட்டு நுரையீரல் மட்டும் நிராகரிக்கப்படும்போது, அந்த இழப்பு பெரும்பாலும் ஐ.சி.யூ.விலேயே நேர்ந்திருக்கிறது.

மூளைக்குள் அழுத்தம் உச்சத்தை எட்டும்போது அட்ரினலின் வகை ஹார்மோன்கள் வெள்ளமாகப் பெருகுவதால், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளக்கூடும். இருமல் அற்றுப்போவதால் சளி தேங்குகிறது. விபத்தில் சிக்கியவரென்றால் வாந்தியும் ரத்தமும் முன்பே உள்ளே போயிருக்கலாம். மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி செயலிழந்து சிறுநீர் ஏராளமாக வெளியேறுவதை ஈடுகட்ட ஏற்றும் சலைன் அளவு மீறினால் அதுவும் நுரையீரலில்தான் தேங்கும். சிறுநீரகக் குழு இன்னும் கொஞ்சம் நீர் கேட்கும், நுரையீரல் குழு வேண்டாம் என்னும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது எங்கள் பாடு. சிறுநீர் வெளியேற்றத்தைக் குறைக்கும் வாசோபிரெசின் ஹார்மோனை உரிய நேரத்தில் தொடங்கினால் இந்த இழுபறி பாதி தீர்ந்துவிடும்.

இந்தியச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்தே மூளைச்சாவை உறுதிசெய்கிறது. தானாக மூச்சு எழுகிறதா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் நடக்கும் ஏப்னியா டெஸ்ட்டில் வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு ஆக்சிஜன் மட்டும் செலுத்தினால், காற்றறைகள் சுருங்கி மூடிக்கொள்கின்றன. அதற்குப் பதிலாகக் காற்றறைகள் மூடாதபடி காற்றின் தொடர் அழுத்தம் கொடுத்தபடியே சோதிக்கலாம். 2010இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், இந்த முறையோடு மூச்சின் அளவை எடைக்கணக்கில் கிலோவுக்கு 6 முதல் 8 மி.லி. ஆகக் குறைத்து, மூச்சு வெளியேறி முடியும்போது உள்ளே நிற்கும் அழுத்தத்தை 8 முதல் 10 செ.மீ. நீர் அளவில் வைத்தபோது, நுரையீரல் பெறப்பட்ட கொடையாளர்களின் விகிதம் 27 சதவீதத்திலிருந்து 54 சதவீதமாக உயர்ந்தது. அந்த எடையை உயரத்தைக் கொண்டு கணக்கிட வேண்டும். பருமனான ஒருவருக்குப் படுக்கையில் காட்டிய எடையை வைத்து அளவு நிர்ணயித்த தவறை ஆரம்ப காலத்தில் நானே செய்திருக்கிறேன். இவற்றில் எதுவும் உயிரோடிருக்கும் நோயாளிக்குச் செய்யாத சிகிச்சையல்ல என்பதால், குடும்பத்தின் சம்மதத்துக்கு முன்பே இப்படிக் கவனிப்பதில் அறச்சிக்கலும் இல்லை.

அறுவை அரங்கில், பொட்டாசியம் குறைந்த டெக்ஸ்ட்ரான் கரைசலைக் குளிர்ந்த நிலையில் நுரையீரல் தமனி வழியாகச் செலுத்தி ரத்தத்தைக் கழுவி வெளியேற்றுகிறார்கள். பிறகு சிரைகள் வழியாக எதிர்த்திசையிலும் செலுத்தும்போது சில சமயம் சிறு ரத்தக்கட்டிகள் வெளிவரும். மற்ற உறுப்புகளிலிருந்து நுரையீரல் வேறுபடும் இடம் அடுத்தது: அதைக் காற்றோடுதான் எடுத்துச் செல்ல வேண்டும். உள்ளிருக்கும் ஆக்சிஜனைக் கொண்டு அதன் செல்கள் குளிரிலும் மெதுவாக இயங்கிக்கொண்டிருக்கின்றன. அளவோடு விரித்த நிலையில் மூச்சுக்குழாயை மூடுவார்கள். விமானத்தில் கொண்டுபோனால் உயரத்தில் காற்று விரியும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஐஸில் வைத்த நுரையீரலுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரமே வழக்கமான வரம்பு. சுவீடனின் லுண்ட் நகரில் அறுவை மருத்துவர் ஸ்டீன் 2000ஆம் ஆண்டில் உடலுக்கு வெளியே கருவியில் இயக்கிச் சோதித்த நுரையீரலைப் பொருத்திக் காட்டினார். கனடாவின் டொராண்டோ மருத்துவக் குழு அதை வழக்கமான சிகிச்சையாக வளர்த்தது. அதே குழு வியன்னா, மாட்ரிட் மருத்துவர்களுடன் சேர்ந்து, ஐஸைவிடச் சற்று வெதுவெதுப்பான 10 டிகிரி செல்சியஸில் நுரையீரலை இரவு முழுக்க வைத்திருந்து காலையில் பொருத்தலாம் என்று 2023இல் காட்டியது. கருவியின் செலவு பல மருத்துவமனைகளுக்கு எட்டாதது. 10 டிகிரிக்கு வெப்பம் சீராக நிற்கும் ஒரு குளிர்பெட்டியே போதும். ஆனால் நீர் கோத்து, சளி அடைத்து வந்துசேரும் நுரையீரலுக்கு அந்தப் பெட்டியால் எதுவும் செய்ய முடியாது. அதனால்தான் எங்கள் ஐ.சி.யூ.வில் ஏப்னியா டெஸ்ட் முடிந்ததும் முதல் வேலையாகச் சுருங்கிய காற்றறைகளை மீண்டும் விரிக்கிறோம். அறிக்கையில் கையெழுத்திடுவது அதற்குப் பிறகுதான்.