கொடுவாக் குஞ்சுகளை ஏன் பிரித்து வைக்கிறார்கள்?

திருகோணமலையில் கொடுவா வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், கண் தெளிவா என்று பார்ப்பார். பண்ணையில் வளர்ந்த மீன் என்றால், குஞ்சுப் பருவத்தில் அது தன் கூடப்பிறந்தவற்றில் எத்தனையை விழுங்கியது என்று யாரும் கேட்பதில்லை.

இங்கே கடலில் மிதக்கும் கூடுகளில் கொடுவா வளர்க்கிறார்கள். கூட்டுக்குப் போகுமுன் குஞ்சுகள் சில வாரம் தொட்டியில் இருக்க வேண்டும். சிக்கல் அங்கேதான். ஒரே நாளில் பொரித்தவைகூட ஒரே சீராக வளர்வதில்லை. முதல் இரையை முந்திப் பிடித்தது கொஞ்சம் பெருக்கும், பெருத்தது அடுத்த தீனுக்கும் முந்தும். திலாப்பியாவில் ஆண் வேகமாக வளரும், பெண் பின்தங்கும். கொடுவாவில் அந்தக் காரணமும் இல்லை. அது முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்தே பெண்ணாக மாறுகிற மீன்.

இளங்கொடுவா தன் நீளத்தில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு உள்ள குஞ்சை முழுசாக விழுங்கும். 6 சென்ரிமீற்றர் உள்ளதுக்கு 4 சென்ரிமீற்றர் உள்ளது ஒரு வாய். சிலவேளை கணக்குப் பிழைத்து, தொண்டையில் சிக்கிய இரையின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, இரண்டும் சேர்ந்தே சாகும். இந்தத் தொல்லை 15 சென்ரிமீற்றர் வளரும்வரை கடுமை. அதனால்தான் வாரத்துக்கொரு தடவையாவது தரம் பிரிக்கிறார்கள்.

பிரிக்கும் பெட்டியின் அடியில் சம இடைவெளியில் கம்பிகள் இருக்கும். மெலிந்தவை இடுக்கால் நழுவிக் கீழே போகும், தடித்தவை மேலே நிற்கும். அது அளப்பது நீளத்தை அல்ல, உடல் தடிப்பை. முதல்நாள் தீனை நிறுத்தி, வெயில் ஏறுமுன் வேலையை முடிப்பது நல்லது. வயிறு நிறைந்த மீனுக்கு ஒட்சிசன் கூடுதலாகத் தேவை. சூடேறிய தண்ணீரிலோ ஒட்சிசன் குறைவு.

சரி, பிரித்தால் வளர்ச்சி கூடுமா? இங்கே பலர் ஏமாறும் ஒரு கணக்கு உண்டு. ஒரு தொட்டியில் 2 கிராம் குஞ்சு 50, 4 கிராம் குஞ்சு 50 என்று வையுங்கள். சராசரி 3 கிராம். சின்னதில் 30 காணாமல் போனால், ஒரு குஞ்சும் வளராமலே சராசரி 3.4 ஆகிவிடும். பிரிக்காத தொட்டி ‘நல்லா வளருது’ என்று தோன்றுவது இப்படியும் நடக்கும். தலையை எண்ணாமல் தராசை மட்டும் நம்பக்கூடாது.

குளிர்நாட்டு ஆர்க்டிக் சார் மீனில் செய்த சில சோதனைகளில், பெரியவற்றை அகற்றிய பிறகும் சின்னவை எதிர்பார்த்த வேகத்தில் வளரவில்லை. அண்ணன் போனால் தம்பிகளுக்குள் ஒருவன் அண்ணனாகிவிடுகிறான். கொடுவாவில் பிரிப்பதன் முதல் இலாபம் உயிர்தான் என்பது என் எண்ணம். வளர்ச்சியில் கிடைப்பது பெரும்பாலும் தீன் வழியாக வருகிறது: ஒரே பருமன் மீனுக்கு ஒரே பருமன் குறுணை போடலாம், வாய்க்குள் போகாத தீன் அடியில் கிடந்து தண்ணீரைக் கெடுக்காது.

கடைசித் தொட்டிக்கு ஒதுக்கிய சின்னதுகளில் சில, நெருக்கடி இல்லாததால் தேறிவரும். அடுத்தடுத்த பிரிப்பிலும் அதே தொட்டியில் நிற்பவை பெரும்பாலும் பிறவியிலேயே மந்தமாக இருக்கலாம். அவற்றுக்குத் தீன் போடுவதா கழிப்பதா என்பதைத் தீன்மூட்டையின் விலைதான் முடிவு செய்யும்.