புகைபோக்கி ஏன் இழுக்க மறுக்கிறது?

கட்டைகளை அடுக்கித் தீ மூட்டி அடுப்புக் கதவையும் சாத்தியாயிற்று. ஆனாலும் தீ எழும்பவில்லை. கதவின் கண்ணாடி கறுக்கிறது. திறந்தால் புகை கூடத்துக்குள் பாய்கிறது. குளிர்நாடுகளில் இரும்பு விறகடுப்பு வைத்திருப்பவர்கள் அடிக்கடி படும் பாடு இது. உடனே அடுப்பைத்தான் திட்டுவார்கள். குற்றம் பெரும்பாலும் கூரைக்கு மேலேயோ விறகுக் கொட்டகையிலோ இருக்கும்.

நம் மண்ணடுப்புக்கு ஊதாங்குழல் உண்டு. இந்த அடுப்புக்குப் புகைபோக்கிதான் அந்த வேலையைச் செய்கிறது. ஊதாமல் உறிஞ்சுகிறது, அவ்வளவே. குழாயில் இருக்கும் சூடான வாயு வெளிக்காற்றைவிட லேசானது. அது மேலேற, காற்றுத்துளை வழியே புதுக்காற்று அடுப்புக்குள் நுழைகிறது. 5 மீட்டர் உயரக் குழாயில் வாயு 200 டிகிரி செல்சியஸ், வெளியே 0 டிகிரி என்றால் இழுவிசை சுமார் 27 பாஸ்கல். இது தண்ணீரை மூன்று மில்லிமீட்டர்கூட உயர்த்தாது! வாயு 80 டிகிரிக்கு இறங்கினால் அதிலும் பாதிதான் மிஞ்சும். தீ தணிந்தால் குழாய் குளிரும். குழாய் குளிர்ந்தால் காற்று வராது. காற்று இல்லாமல் தீ இன்னும் தணியும்.

பெஞ்சமின் பிராங்க்ளின் 1740களில் வடிவமைத்த அடுப்பே இந்தச் சுழலில் சிக்கியது. வெப்பத்தை அறைக்குள்ளேயே கறந்துகொள்ள நினைத்து, புகையைக் கீழே இறக்கிப் பிறகு மேலே அனுப்பினார். குழாய் எப்போதும் சூடாக இருந்தால்தான் அது ஒழுங்காக எரிந்தது.

முதலில் சந்தேகிக்க வேண்டியது விறகை. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீராகவே இருக்கலாம். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 2,600 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதைத் தீதான் கொடுக்க வேண்டும். விறகிலிருந்து கிளம்பும் வாயுக்கள் முழுதாக எரியச் சுமார் 600 டிகிரி வேண்டும். அது கிட்டாவிட்டால் அவை புகையாகவே போய், குழாயின் குளிர்ந்த சுவரில் தாராகப் படியும். தார் வழியை அடைக்கும். ஒருநாள் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். ராத்திரி முழுக்கத் தணல் நிற்கட்டும் என்று காற்றுத்துளையை இறுக மூடுகிறவர்களும் இதைத்தான் வரவழைக்கிறார்கள்.

ஈர விறகு தன்னையே காட்டிக்கொடுக்கும்: வெட்டுமுனையில் நுரை கட்டி ‘உஸ்’ என்று சீறும். ஈரமானியால் அளப்பதானால், கட்டையைப் பிளந்து உட்பக்கத்தில் அளக்க வேண்டும், வெளிப்பக்கம் ஏமாற்றும். 20 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் நல்லது.

விறகு காய்ந்திருந்தும் புகைந்தால் அருகிலுள்ள ஜன்னலைச் சற்றுத் திறந்து பாருங்கள். தீ உடனே தெளிந்தால், வீட்டுக்குள் போதிய காற்று வரவில்லை. சமையலறை மின்விசிறி வீட்டுக் காற்றை வெளியேற்றிக்கொண்டிருக்கலாம். மாற்றம் இல்லையென்றால் புகைபோக்கி மூடியின் வலையில் கரி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வெளிச்சுவரை ஒட்டிய புகைபோக்கி தனி ரகம். இரவெல்லாம் குளிர்ந்த காற்று அதற்குள் தக்கை போல உட்கார்ந்திருக்கும். செய்தித்தாள் ஒன்றைச் சுருட்டிப் பற்றவைத்து, குழாய்வாயின் அருகே பிடியுங்கள். சுடர் மேல்நோக்கி இழுபட்டால் வழி திறந்துவிட்டது. அப்புறம் சுள்ளி, கட்டை கடைசியில்.