கியர் ஆயில் கசிவும் ஒரு ரப்பர் உதட்டின் வேலையும்

எங்கள் வீட்டுச் சிறிய கார் வாங்கி இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. சென்ற ஆண்டு ஒரு நாள் காலை வண்டியை வெளியே எடுத்த பிறகு, சிமெண்டுத் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எண்ணெய்க் கறை தெரிந்தது. விரலில் தொட்டு முகர்ந்தபோது கந்தக நெடி அடித்தது; அது கியர் ஆயில் என்பதற்கு அந்த நெடியே போதுமான சான்று. கியர் பற்கள் பெரும் அழுத்தத்தில் உரசும்போது உலோகத்தோடு உலோகம் ஒட்டிப் பிய்ந்துவிடாமல் இருக்க, அந்த எண்ணெயில் கந்தகச் சேர்மங்களைச் சேர்க்கிறார்கள். எஞ்சின் ஆயிலில் இந்த நெடி இருக்காது. அது கறுத்து, தீய்ந்த வாடை வீசும். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் ஊற்றும் எண்ணெய்க்குப் பெரும்பாலும் சிவப்புச் சாயம் ஏற்றியிருப்பதால், அதை நிறத்தை வைத்தே அடையாளம் காணலாம். நாள்பட்டால் மட்டும் அது பழுப்பாகிவிடும்.

துளித் துளியாகத்தானே போகிறது என்று விட்டுவிடுவது தவறு. ஒரு துளி எண்ணெய் ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர் என்று கொண்டால், நிமிடத்துக்கு ஒரு துளி வீதம் ஒரு நாளில் 72 மில்லிலிட்டரும், ஒரு மாதத்தில் இரண்டு லிட்டருக்கு மேலும் வெளியேறும். சிறிய காரின் கியர் பாக்ஸில் இருப்பதே சுமார் இரண்டு லிட்டர்தான். எஞ்சின் ஆயில் குறைந்தால் எச்சரிக்க விளக்கு இருக்கிறது. சாதாரணக் கியர் பாக்ஸுக்கோ அப்படி எதுவும் கிடையாது. பேரிங் ஓலமிடத் தொடங்கும்போதுதான் தெரியவரும், அப்போது செலவு பல மடங்காகியிருக்கும்.

முன்சக்கரங்கள் இழுக்கும் கார்களில், கியர் பாக்ஸின் இரு பக்கங்களிலிருந்தும் டிரைவ் ஷாஃப்ட் வெளியே வந்து சக்கரத்துக்குச் செல்கிறது. சுழலும் தண்டு வெளியே வரவேண்டும், ஆனால் எண்ணெய் வெளியே வரக்கூடாது. இந்த இரண்டையும் ஒருசேர நிறைவேற்றுவது ஆயில் சீல் என்னும் சிறிய ரப்பர் வளையம். அதன் உட்புறம் மெல்லிய உதடு போல நீண்டு தண்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். உதட்டின் முதுகில் ஒரு வளையச் சுருள்வில் அதை இதமாக இறுக்கிப் பிடித்திருக்கும்.

சீல் என்பது புட்டிக்கு இட்ட தக்கை போல, இறுக்கத்தால் எண்ணெயைத் தடுக்கிறது என்றே நான் நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மை அதைவிட அழகானது. 1957இல் ஜாகர் என்னும் பிரிட்டிஷ் ஆய்வாளர், ஓடிக்கொண்டிருக்கும் தண்டுக்கும் ரப்பர் உதட்டுக்கும் இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருப்பதைக் காட்டினார். அதன் தடிமன் ஏறத்தாழ ஒரு மைக்ரான். தலைமயிரின் பருமனில் நூறில் ஒரு பங்கு அளவுதான். அந்தப் படலம் இல்லாவிட்டால் உதடு சில நிமிடங்களில் கருகிவிடும். அப்படியானால், எண்ணெய் அங்கே இருந்தும் ஏன் வெளியே வருவதில்லை?

விடை உதட்டின் சாய்வில் இருக்கிறது. எண்ணெய் இருக்கும் பக்கத்தில் உதடு செங்குத்தாக இறங்குகிறது. காற்றுப் பக்கத்திலோ மென்மையாகச் சரிகிறது. ஆகவே தண்டின் மீது உதடு அழுத்தும் விசை, எண்ணெய்ப் பக்கத்தை ஒட்டியே உச்சத்தை அடைகிறது. தண்டு சுழலும்போது ரப்பரின் நுண்ணிய மேடுபள்ளங்கள் சுழற்சியின் திசையில் இழுபட்டு, சாய்ந்த சிறு துடுப்புகளைப் போல எண்ணெயைத் தள்ளுகின்றன. அழுத்தம் ஒருபக்கமாகச் சாய்ந்திருப்பதால், வெளியே தள்ளுவதைவிட உள்ளே தள்ளுவது மிகுதியாகிறது. அதாவது நல்ல நிலையில் இருக்கும் சீல் ஓர் அணை அன்று, உள்நோக்கி இறைக்கும் ஒரு நுண்ணிய பம்பு. அதைத் திருப்பிப் பொருத்தினால், அதே ஒழுங்குடன் எண்ணெயை வெளியே இறைத்துக் கொட்டும்.

இந்தப் பம்பு பழைய வண்டிகளில் பழுதாவதற்குப் பல வழிகள் உண்டு. பெரும்பாலான சீல்கள் நைட்ரைல் ரப்பரால் ஆனவை; 100 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டாரத்தில் ஆண்டுக்கணக்கில் வெந்தால், அந்த ரப்பருக்கு நெகிழ்வு தரும் சேர்மங்கள் மெல்ல எண்ணெயில் கரைந்து போகின்றன, மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று மேலும் பிணைந்து ரப்பர் கெட்டிப்படுகிறது. கழற்றிய பழைய சீலின் உதட்டை நகத்தால் அழுத்திப் பார்த்தால், அது ரப்பராக அன்றிப் பிளாஸ்டிக்காக உணர்த்தும். அத்தகைய உதடு, தண்டு இம்மியளவு ஆடினாலும் அதன் பின்னே நெகிழ்ந்து செல்ல முடியாமல் இடைவெளி விடுகிறது.

இன்னொரு பக்கம், மென்மையான ரப்பர் கடினமான எஃகைத் தேய்க்கிறது என்பது பலருக்கு வியப்பளிக்கும். தேய்ப்பது ரப்பர் அன்று. அதில் புதைந்த மணல்தூசி. லட்சக்கணக்கான கிலோமீட்டருக்குப் பின் தண்டில் ஒரு மெல்லிய வரிப்பள்ளம் விழுகிறது. துணியால் துடைத்து நகத்தை நெடுக ஓட்டினால், நகம் தட்டித் தடுக்கும். அந்தப் பள்ளத்தின் மீது புதிய சீலை வைத்தால் சில வாரங்களில் மீண்டும் ஒழுகும். தண்டையே மாற்றுவது ஒரு வழி. இடம் இருந்தால், சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தி, தேயாத வழவழப்பான இடத்தில் உதடு அமரும்படி செய்வது அனுபவம் உள்ள மெக்கானிக்குகள் கையாளும் எளிய வழி.

எங்கள் காரில் இவை எதுவும் காரணமாக இருக்கவில்லை. ஒரு பட்டறையில் இரண்டு முறை சீல் மாற்றியும் கசிவு திரும்பி வந்தது. உண்மையான குற்றவாளி, கியர் பாக்ஸின் உச்சியில் இருக்கும் பிரீதர் எனப்படும் சிறிய மூச்சுக்குழாய். சேறும் எண்ணெயும் கலந்து இறுகி அதன் வாயை அடைத்திருந்தன. 30 டிகிரியில் நிறுத்தியிருந்த வண்டி 90 டிகிரிக்குச் சூடாகும்போது, உள்ளே அடைபட்ட காற்றின் தனி வெப்பநிலை 303 கெல்வினிலிருந்து 363 ஆக உயர்கிறது. அழுத்தமும் அதே விகிதத்தில், அதாவது 20 விழுக்காடு கூடுகிறது. எண்ணெயும் விரிந்து காற்றின் இடத்தை இன்னும் நெருக்கும். இப்படி உருவாகும் 0.2 பார் அழுத்தம் சிறியதாகத் தோன்றினாலும், உதடு தண்டின் மீது இறுக அழுந்தவும், படலம் மெலிந்து உதடு சூடேறித் தேயவும் அது போதும். மூச்சுக்குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் காற்றடித்ததும் மறுபக்கம் காற்று போயிற்று. மூன்றாவது சீல் அதன் பிறகே நிலைத்தது. சீல் மாற்றுவதற்கு முன் பிரீதரைப் பார்க்காத பழுதுவேலை பாதி வேலைதான் என்பது என் உறுதியான கருத்து.

ஒழுகும் இடத்தையும் முன்கூட்டியே உறுதி செய்யவேண்டும். ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னோக்கி விசிறியடிப்பதால், சொட்டும் இடமும் கசியும் இடமும் வேறாக இருக்கும். முழுவதும் கழுவி உலர்த்தி, சந்தேகப்படும் இடங்களில் முகப் பவுடரைத் தூவி, சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தால், ஈரம் முதலில் எங்கே கறுக்கிறது என்பது தெரிந்துவிடும்.

வேலையைத் தொடங்கும்போது, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக்கூடாது. உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தவேண்டும். எண்ணெயை வடிக்கும் முன், ஊற்றும் துளையின் போல்ட்டைத் திறந்து பார்ப்பது முக்கியம். அது துருவேறிச் சிக்கியிருந்தால், வடித்த பிறகு மீண்டும் நிரப்ப வழி இருக்காது. டிரைவ் ஷாஃப்ட்டை வெளியே எடுத்துப் பழைய சீலை நெம்பும்போது, அது அமர்ந்திருக்கும் அலுமினியச் சுவரில் கீறல் விழாமல் பார்க்கவேண்டும். அந்தக் கீறலே அடுத்த கசிவின் பாதையாகும். புதிய சீலின் உதட்டில் கியர் ஆயிலைத் தடவி, சுருள்வில் துள்ளி விழாமல் இருக்க அதன் குழியில் சிறிது கிரீஸ் வைத்து, சீலின் வெளிவிட்டத்துக்குப் பொருந்தும் குழாய்த் துண்டால் நேராகத் தட்டி இறக்கவேண்டும். சாய்ந்து இறங்கிய சீல் ஒருநாளும் ஒழுங்காக இறைக்காது. தண்டைத் திரும்பச் செருகும்போது அதன் பற்கள் உதட்டைக் கிழித்துவிடாமல் இருக்க, பற்களைத் தாங்கிப் பிடித்து மெதுவாக நுழைக்கவேண்டும்.

கசிவை நிறுத்தும் என்று விற்கப்படும் திரவங்கள், கெட்டிப்பட்ட ரப்பரை உப்பவைத்துச் சில காலம் இடைவெளியை அடைக்கின்றன. பள்ளம் விழுந்த தண்டையோ அடைபட்ட பிரீதரையோ அவை சரிசெய்வதில்லை. எண்ணெயைப் பொறுத்தவரை, வண்டியின் கையேட்டில் சொன்ன வகையையே ஊற்றவேண்டும். வேறு வகையின் கந்தகச் சேர்மங்கள் கியர் மாற்ற உதவும் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும்.

புதிய உதடு தண்டோடு பழகும் முதல் சில மணி நேர ஓட்டத்தில், சீலைச் சுற்றி லேசான ஈரம் தென்படுவது இயல்பு. நான் ஒவ்வோர் இரவும் அடியில் ஓர் அட்டையை விரித்து, காலையில் தேதி எழுதி வைத்தேன். முதல் நாள் மூன்று புள்ளிகள், மறுநாள் ஒன்று, அதன் பிறகு வந்த அட்டைகள் எல்லாம் வெறும் பழுப்பு நிறம்.